ஒரு கைப்பிடி கலப்படக் குங்குமம் கோருதல் தொடர்பாக

அனுப்புநர்:
ம. உண்ணாமலை (க/பெ மணிவேல்),
தையல் கடை, கிரிவலப் பாதை,
அடி அண்ணாமலை,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
வேங்கிக்கால், திருவண்ணாமலை.

பொருள்: குங்குமக் கலப்படம் – என் முந்தைய புகாரின் மீது எதிர்பாராத வேகத்தில் நடவடிக்கை எடுக்கப்பட்டது – அதனால் என் மகளின் விஞ்ஞான ஆராய்ச்சி நடுவழியில் நிற்பது – பழைய கலப்படக் குங்குமத்தில் ஒரு கைப்பிடி பெற்றுத் தரக் கோருவது – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் நான் கொடுத்த புகார் மனு, நாள் 27.10.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு வெள்ளை ஜிப்பாவும், ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கையும் தைத்துக் கொடுப்பது என் தொழில். என் கணவர் மணிவேல் ஆட்டோ ஓட்டுகிறார். எங்களுக்கு ஒரே மகள், அபிநயா. சென்னையில் இயற்பியல் ஆராய்ச்சி மாணவியாக இருக்கிறாள். இந்த மனு அவள் பொருட்டு.

2. எங்கள் ஊரில் பூஜைப் பொருள் கடை வைத்திருக்கும் திரு. ராஜமாணிக்கம், செங்கல் தூள் கலந்த குங்குமம் விற்கிறார் என்று பார்வையில் கண்ட மனுவில் புகார் கொடுத்திருந்தேன். அந்தப் புகாரில் பாதியை இப்போது திரும்பப் பெற விரும்புகிறேன். முழுவதையும் அல்ல. அவர் செய்தது தப்பு, அதில் எனக்கு இன்றுவரை மாற்றுக் கருத்து கிடையாது. ஆனால் அந்தத் தப்பில் ஒரு கைப்பிடி எனக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுகிறது. ஆட்சியர் அலுவலக வாசலில் உட்கார்ந்து இந்த மனுவை எழுதித் தரும் சடையன் என்பவர், பாதிப் புகாரை வாபஸ் வாங்கச் சட்டத்தில் இடமில்லை என்கிறார். இடம் இல்லையென்றால் ஐயா அவர்கள் கொஞ்சம் இடம் செய்து கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

3. என் மகள் ஆராய்வது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது திடப்பொருளும் இல்லை, திரவமும் இல்லை, வாயுவும் இல்லை. பாறை மாதிரி நெருக்கமாக இருக்கும், ஆனால் பல்லாயிரம் டிகிரி சூட்டில் இருக்கும். அதற்கு வெதுவெதுப்பான அடர்பொருள் என்று பெயராம். பல்லாயிரம் டிகிரிக்கு வெதுவெதுப்பு என்று பெயர் வைத்தவர்களைக் குழந்தை குளிப்பாட்ட விடக்கூடாது என்பது என் சொந்தக் கருத்து. இந்தப் பொருள் பூமியில் சும்மா கிடைக்காது. வியாழன் கிரகத்தின் வயிற்றுக்குள் நிறைய இருக்கிறதாம். அங்கே போய் எடுத்துவர முடியாது என்பதால், இங்கேயே கொஞ்சம் செய்து பார்க்கிறார்கள்.

4. அப்படிச் செய்வதற்கென்று ஐரோப்பாவில் ஓர் எக்ஸ்ரே லேசர் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் கை உடைந்தால் எடுக்கும் எக்ஸ்ரே அல்ல. இதற்குத் தரைக்கடியில், இந்த அலுவலகத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு போகிற நீளத்துக்குச் சுரங்கம் தோண்டியிருக்கிறார்கள். அதில் எலக்ட்ரான்களை விரட்டி, காந்தங்களுக்கு நடுவே பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓட வைத்தால், அவை எக்ஸ்ரே வெளிச்சத்தைக் கக்கும். கண் இமைக்கும் நேரத்தைக் கோடி கோடியாகப் பங்கு போட்டால் வருகிற ஒரு பங்குதான் அந்த வெளிச்சம் இருக்கும் நேரம். அதற்குள் தலைமுடியை விட மெல்லிய செம்புத் தகட்டைச் சுட்டு, அது சிதறிப்போவதற்கு முன்பே எவ்வளவு சூடானது என்று அளந்துவிட வேண்டும். ஒரு தகட்டை ஒரே ஒரு முறைதான் சுடலாம். அதற்குப் பிறகு தகடு இருக்காது. இந்தப் பத்தியை மகளுக்குப் போனில் படித்துக் காட்டினேன். தப்பில்லை, அந்தப் பாம்பை மட்டும் எடுத்துவிடு என்றாள். நான் எடுக்கவில்லை.

5. அந்த இயந்திரத்தில் கொஞ்ச நேரம் கிடைப்பதற்கு உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் வரிசையில் நிற்கிறார்கள். தீபத்தன்று கோயில் வாசலில் நிற்கிற கூட்டம் ஐயா அவர்களுக்குத் தெரியும். இதற்கு அந்தக் கூட்டமே பரவாயில்லை என்கிறாள் மகள். இப்படிப்பட்ட வரிசையில் நின்று அவளுடைய பேராசிரியர் வாங்கிய நேரத்துக்குத்தான் இந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த கையோடு அவள் விமானம் ஏறுவதாக இருந்தது.

6. ஆயுத பூஜைக்கு வீட்டுக்கு வந்தபோது அவள் கையில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. அதற்குள் வரிசை வரிசையாகச் செம்புத் தகடுகள். யாரும் தொடக் கூடாது என்று சொல்லிப் பீரோவில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். நான் அதற்குள் தையல் மிஷினுக்குப் பொட்டு வைத்து முடித்துவிட்டேன். கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, ஆட்டோ, மிக்சி, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று. வீட்டில் இருப்பதிலேயே பெரிய ஆயுதம் மட்டும் பீரோவுக்குள் பொட்டில்லாமல் இருக்கிறது. அதுவும் குரு பகவானுடைய வயிறு சம்பந்தப்பட்ட காரியத்துக்குப் போகிற ஆயுதம். ஐயா அவர்கள் என் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று பணிவோடு கேட்கிறேன்.

7. பெட்டியின் மூடிக்குச் சந்தனம், குங்குமம் வைத்தேன். மூடி எப்படி ஆயுதம் ஆகும் என்று தோன்றியது. திறந்தேன். விரல் பட்டால் தகடு கிழிந்துவிடும் என்பது துணி வெட்டுகிறவளுக்குத் தெரியாதா என்ன. அதனால் பொட்டாக வைக்காமல், கடைசி வரிசையில் கடைசித் தகட்டின் மேல் ஒரு சிட்டிகை தூவினேன். எல்லாவற்றுக்கும் தூவத்தான் இருந்தேன், அதற்குள் குளியலறைக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. மூடியில் இருந்த பொட்டைப் பார்த்துவிட்டு மகள் வீட்டையே இரண்டாக்கினாள். மூடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே தூவியதை அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

8. அங்கே போய்த் தகடுகளை ஒவ்வொன்றாகச் சுட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு பொருளும் எக்ஸ்ரே பட்டால் தனக்கென்று ஒரு கோட்டைக் காட்டும், அதை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிடலாம் என்கிறாள் மகள். எல்லாத் தகட்டிலும் செம்பின் கோடு மட்டும் வந்தது. கடைசித் தகட்டில் செம்போடு இரும்பும் வந்து நின்றது. யார் கொண்டுவந்த அழுக்கு என்று விசாரணை நடந்திருக்கிறது. மகள் எனக்குப் போன் செய்து, பெட்டியைத் திறந்தாயா என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். திறந்தேன், குங்குமம் தூவினேன் என்று பெருமையாகத்தான் சொன்னேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறேன்: "குங்குமம்னா மஞ்சளும் சுண்ணாம்பும் தானம்மா. இதுல இவ்ளோ இரும்பு எப்டி வரும்? நீ வச்சது செங்கல்லுமா."

9. ஐயா, கல்யாணமான நாள் முதலாக நான் வைத்துக்கொள்வது ராஜமாணிக்கம் அண்ணன் கடைக் குங்குமம். நெற்றியில் அதுதான், வகிட்டில் அதுதான், தாலியில் அதுதான். அம்மன் படத்துக்கும் அதையே வைத்து அம்மனையும் சேர்த்து ஏமாற்றியிருக்கிறேன். இத்தனை காலமாக என் நெற்றியில் நானே சுவர் கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். நேரே கடைக்குப் போய்க் கேட்டேன். எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், செங்கல் எப்படித் தெரியும் என்று என்னிடமே திருப்பிக் கேட்டார். என்னை ஏமாந்த சோணகிரி என்று நினைத்துவிட்டாரே என்று வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடுதான் பஸ் ஏறி வந்து முதல் மனுவைக் கொடுத்தேன். அதைப் படித்துப் பார்த்தால் ஐயா அவர்களுக்கே தெரியும், அதில் ஒரு வார்த்தைகூட நான் யோசித்து எழுதியது இல்லை.

10. பொதுவாகப் புகார் கொடுத்தால் நடவடிக்கை வர நாளாகும், அதற்குள் நமக்கே கோபம் தணிந்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் நாங்கள் எல்லோரும் புகார் கொடுக்கிறோம். ஆனால் அடுத்த பௌர்ணமிக்கே அலுவலர்கள் ஜீப்பில் வந்துவிட்டார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இப்படி ஒரு வேகம் இருக்கும் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் நிதானமாக எழுதியிருப்பேன் என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

11. ஜீப் வருகிறது என்று யாரோ போன் செய்ய, ராஜமாணிக்கம் அண்ணன் இருந்த மூட்டைகளைக் கடைக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் கொட்டிவிட்டார். தன் வீட்டுக்கென்று தனியாக வைத்திருந்த நல்ல குங்குமத்தைக் கொண்டுவந்து கடையில் பரப்பிவிட்டார். அதைத்தான் அலுவலர்கள் எடுத்துப் போனார்கள். சோதனையில் சுத்தமானது என்று வந்துவிட்டது. இப்போது கடை வாசலில் "அரசு சோதனையில் வென்ற குங்குமம்" என்று பேனர் கட்டியிருக்கிறார். தீப நேரம் வேறு நெருங்குகிறது. என் புகாரால் அவருக்கு வியாபாரம் ஜாஸ்தியாகிவிட்டது. இப்போது அவர் உண்மையாகவே நல்ல குங்குமம்தான் விற்கிறார், அது எனக்கு இன்னும் பெரிய தொந்தரவாகிவிட்டது.

12. பள்ளத்தில் கொட்டியதையாவது அள்ளிக்கொள்ளலாமே என்று ஐயா அவர்கள் நினைக்கலாம். அதில் கருப்பன் என்பவருடைய வெள்ளைப் பசு புரண்டுவிட்டது. புரண்டு எழுந்து, உடம்பெல்லாம் சிவப்பாகக் கிரிவலப் பாதையில் ஏறி நடந்தது. பௌர்ணமிக் கூட்டம் அதைக் கண்டதும் விழுந்து கும்பிட்டது. ஆளுக்கொரு வாழைப்பழம் கொடுத்தார்கள். மலையைச் சுற்ற வந்தவர்களில் சிலர், இதுவே போதும் என்று பசுவைச் சுற்றிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள். மறுநாள் கருப்பன் பசுவைத் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டார். பள்ளத்தில் மிச்சம் இருந்ததை மழை அடித்துக்கொண்டு போய்விட்டது. பசு நலமாக இருக்கிறது. ஆனால் பௌர்ணமியா இல்லையா என்று பார்க்காமல் தினமும் பாதையில் போய்ப் பழத்துக்கு நிற்கிறது. இதற்கும் நான்தான் காரணம் என்று கருப்பன் சொல்லித் திரிகிறார். அதை இந்த மனுவில் சேர்க்க விரும்பவில்லை.

13. எல்லாம் முடிந்த பிறகுதான் மகளிடமிருந்து அடுத்த போன் வந்தது. தகடுகளைச் சுட்ட அன்றைக்கு அந்த இயந்திரத்தின் அளவுகோல் லேசாக நகர்ந்திருந்ததாம். எவ்வளவு நகர்ந்தது என்று தெரியாததால் மற்றத் தகடுகளில் எடுத்த கணக்கு ஒன்றும் உருப்படவில்லை. குங்குமம் தூவிய தகட்டில் மட்டும், இரும்பின் கோடு பக்கத்திலேயே நின்று இங்கிருந்து அளந்துகொள் என்று காட்டிக் கொடுத்திருக்கிறது. துணி அளக்கும்போது டேப் நகராமல் இருக்க முனையில் ஒரு குண்டூசி குத்திக்கொள்வோம், அது மாதிரி. அதை வைத்துத்தான் அந்தப் பொருளின் சூட்டை ஒழுங்காக அளந்தார்களாம். பேராசிரியர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டாராம்.

14. ஆனால் ஒரே ஒரு தகட்டில் வந்ததை விஞ்ஞான உலகம் நம்பாது. அதே பொடியை, அதே மாதிரி தூவி, திரும்பவும் சுட்டு, திரும்பவும் அதே அளவு வர வேண்டும். வெறும் இரும்பைப் பூசினால் ஆகாதா என்று நானே கேட்டேன். அது வேறு சோதனை ஆகிவிடுமாம். பொங்கலுக்குப் பிறகு இன்னொரு முறை நேரம் கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் அந்தப் பழைய குங்குமம் கிடைத்தால் என் மகளின் பெயர் இதைப் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரையில் முதலாவதாக வரும். கிடைக்காவிட்டால் அந்தத் தகட்டை அழுக்கு என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். இந்த இடத்தில் சடையன் என்னைக் கண்ணைத் துடைத்துக்கொள்ளச் சொன்னார். அவ்வளவு தூரம் போன பெண், அழுக்கு கொண்டுவந்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்பினால், நான் எந்த முகத்தோடு அவளுக்குச் சோறு போடுவேன், ஐயா. தூவியது நான். அவள் இல்லை.

15. அதே மாதிரி தூவுவது என்பதிலும் சிக்கல் இருக்கிறது. ஒரு சிட்டிகை என்றால் எத்தனை மில்லிகிராம் என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். நகைக்கடைத் தராசு ஒன்றை இரவல் வாங்கி, இப்போது விற்கிற குங்குமத்தை வைத்து எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சிட்டிகையும் ஒவ்வொரு எடை வந்தது. ராஜமாணிக்கம் அண்ணனை நினைத்துக்கொண்டு எடுத்தால் ஜாஸ்தி வருகிறது, மகளை நினைத்துக்கொண்டு எடுத்தால் கம்மி வருகிறது. ஆயுத பூஜை அன்று எப்படி இருந்தேன் என்று கேட்டார்கள். மகள் வந்திருந்தாள், சந்தோஷமாக இருந்தேன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்களாம். ஆகவே திரும்பவும் தூவுகிற அன்று நான் சந்தோஷமாக இருப்பது இந்தச் சர்வதேச ஆராய்ச்சியின் நிபந்தனைகளில் ஒன்று என்பதை ஐயா அவர்களின் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

16. வெட்கத்தை விட்டு ராஜமாணிக்கம் அண்ணன் கடைப் படி ஏறினேன். பழைய குங்குமம் ஒரு கைப்பிடி கொடுங்கள் என்று கேட்டேன். கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மெதுவாகத்தான் சொன்னார்: "கலந்தேன்னு சொன்னா கேஸு போடுவாங்க. கலக்கலன்னு சொன்னா உனுக்குப் பொடி இல்ல. நீயே சொல்லு உண்ணாமல, நான் இன்னா சொல்லட்டும்?" அவர் பேச்சில் நியாயம் இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆத்திரம். சரி, புதிதாகவாவது கொஞ்சம் கலந்து கொடுங்கள் என்றேன். சோதனையில் வென்ற கடையில் கலப்படம் செய்யச் சொல்கிறாயே, உனக்கு மனசாட்சியே கிடையாதா என்று கேட்டுவிட்டார். ஐயா, அவர் என்னைக் கேட்டார்.

17. அவருடைய மனைவி வேதா அக்கா போன வாரம் ரவிக்கை தைக்க வந்தார். பழைய குங்குமம் ஒரு பிஸ்கட் டின் நிறைய இன்னும் வீட்டுப் பரணில் இருக்கிறது, கொட்ட மனசு வராமல் ஒளித்து வைத்திருக்கிறார் என்று அளவு கொடுத்துக்கொண்டே சொன்னார். தான் சொன்னதாக யாருக்கும் தெரியக் கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். ஆகவே ஐயா அவர்கள் இந்தப் பத்தியைப் படித்தவுடன் மறந்துவிட வேண்டுகிறேன். டின் பரணின் இடது பக்கம், பழைய பித்தளைக் குடத்துக்குப் பின்னால் இருக்கிறது.

18. மேற்கண்ட நிலையில் ஐயா அவர்களிடம் நான் வேண்டுவது:

(அ) அந்த ஒரு டின்னைப் பொறுத்த வரையில் மட்டும் ராஜமாணிக்கம் அண்ணன் மீது எந்த வழக்கும் வராது என்று, எழுத்தில் முடியாவிட்டால் வாயாலாவது, அவருக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

(ஆ) ஒரு கைப்பிடி வாங்கித் தர அலுவலர் ஒருவர் நேரில் வர வேண்டும். தயவுசெய்து ஜீப்பில் வர வேண்டாம். ஜீப்பைக் கண்டால் டின்னும் பள்ளத்துக்குப் போய்விடும். கருப்பனின் பசு தயாராகத்தான் இருக்கிறது.

(இ) கைப்பிடி போக மீதியை அரசே அழித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தப் பேனரை அவிழ்க்கச் சொல்ல வேண்டும். பேனர் அவிழ்ந்தால் நான் சந்தோஷமாக இருப்பேன். 15ஆம் பத்தியைப் பார்க்கவும்.

19. மனுவை இத்துடன் முடிக்கலாம் என்று சடையன் சொன்னார். ஆனால் இன்னொரு விஷயம் இருக்கிறது. செங்கல் என்று தெரிந்த அன்றே பூஜை அறையில் இருந்த குங்குமத்தை எல்லாம் கழுவிக் கொட்டிவிட்டேன். என் பேச்சைக் கேட்டு அக்கம்பக்கத்தாரும் கொட்டிவிட்டார்கள். கழற்றக் கூடாது என்பதால் தாலியை மட்டும் தேய்க்கவில்லை. அதன் இடுக்குகளில் பழைய குங்குமம் அப்படியே அப்பியிருக்கிறது. அதைச் சுரண்டி அனுப்பட்டுமா என்று மகளிடம் கேட்டேன். சுரண்டினால் தங்கமும் சேர்ந்து வரும், ஆகாது என்றாள். அப்படியானால் தாலியையே கழற்றி அனுப்புகிறேன், அப்படியே வைத்துச் சுட்டுப் பாருங்கள் என்றேன். என் பெண்ணுக்காக அதைச் செய்ய எனக்குத் தயக்கம் இல்லை. மகள், ஒரு முயற்சி செய்யலாம், ஆனால் எக்ஸ்ரே பட்ட இடம் திரும்ப வராது என்றாள்.

20. போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த என் கணவர் துணியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே வந்தார். பட்ட இடம் என்ன ஆகும் என்று மகளைக் கேட்டார். வியாழன் வயிற்றுக்குள் இருக்கிற மாதிரி ஆகிவிடும் என்று அவள் விளக்கமாகச் சொன்னாள். அவர் இதுவரை மகளின் ஆராய்ச்சி பற்றி ஒரு கேள்வியும் கேட்டது இல்லை. அன்றைக்கு நிறையக் கேட்டார். இன்று சவாரியை விட்டுவிட்டு அவரே என்னை ஆட்டோவில் அழைத்து வந்திருக்கிறார். இந்த மனுவின் உறை மேல் "மிக மிக அவசரம்" என்று சிவப்பு மையில் எழுதச் சொன்னதும் அவர்தான். மகள் அடுத்த தகடுகளைக் கொண்டுவருவது தீபத்துக்கு. அன்றைக்குள் டின் கிடைக்காவிட்டால் நான் சொன்னபடி செய்துவிடுவேன் என்பது அவருக்குத் தெரியும். இருபத்தாறு வருஷமாக என்னோடு குடித்தனம் நடத்துகிறவர்.

ஆகவே, சென்ற முறை நான் எதிர்பாராத அதே வேகத்தை இந்த முறை எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்.

இணைப்பு: இப்போது விற்கப்படும் நல்ல குங்குமம், ஒரு பொட்டலம் (ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு மட்டும்).

இடம்: வேங்கிக்கால்
நாள்: 17.11.2025

பணிவுடன்,
ம. உண்ணாமலை

மேற்கண்ட கோரிக்கைகள் அனைத்தையும் முழுமனதோடு ஆதரித்து உடன் கையொப்பமிடுபவர்:
மணிவேல்
(மேற்படி தாலியைக் கட்டியவர்)